கயாவில் விட்ட வெண்டைக்காய்

காக்ஸ் டவுன், பெங்களூர்
11.6.1995

அன்புள்ள உங்களுக்கு,

மரகதம் எழுதிக்கொள்வது. வந்து சேர்ந்ததும் போட்ட கார்டு கிடைத்திருக்கும். அதில் இடமில்லாமல் விட்டதையெல்லாம் இதில் எழுதுகிறேன். தலைமையாசிரியர் என்பதற்காகச் சிவப்புப் பேனாவோடு உட்காராமல் சும்மா படியுங்கள்.

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். காலையில் சர்ச் மணி எழுப்பிவிடுகிறது. கிளைக்கு நடந்தே போய்விடலாம். பதினெட்டு வருஷம் வேலூர் கிளையில் கிளார்க்காகக் கூண்டுக்குள் உட்கார்ந்தவளுக்கு இங்கே ஆபீசர் என்று தனி மேசை, தனி டெலிபோன். முதல் நாள் யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். நான் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு வருஷம் தகுதிகாண் காலம். அது ஒழுங்காக முடிந்தால் பதவி நிலைத்துவிடும். முடித்துக் காட்டுகிறேன்.

வீட்டுக்காரம்மா பெயர் சந்திரம்மா. கோலாரில் பிறந்தவர், கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பெண்டேகாய் கொஜ்ஜும்மா. சூடா சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்னு" என்றார்.

"வெண்டைக்காய் நாங்க சாப்பிடறதில்லைங்க. கயாவுல விட்டாச்சு" என்றேன்.

"யாரு விட்டது, நீயா?"

"அவருதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து விட்டாரு."

"அவரு விட்டா அவரு தின்னாம இருக்கட்டும். உனக்கென்ன வந்துச்சு?" என்று சொல்லிக் கிண்ணத்தை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மூடியைத் திறந்தேன். புளி, வெல்லம், வறுத்த எள், கொப்பரை எல்லாம் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்த வாசனை. வெண்டைக்காய் ஒவ்வொன்றும் முழுசாக, பச்சை மாறாமல் கிடந்தது. சாப்பிட்டேன். கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

உங்களிடம் மறைத்து வைக்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்ததில்லை. இதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிடுங்கள். காஸ் தீரும் முன்பே பதிந்து வையுங்கள்.

உங்கள்,
மரகதம்

---

வேலூர்
19.6.1995

சௌபாக்கியவதி மரகதத்துக்கு பாலசுப்ரமணியன் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். மெஸ் சாப்பாடு போகிறது. காஸ் பதிந்தாயிற்று.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாவதாக, அது சாதாரணக் காய் அல்ல. என் தகப்பனாருக்குப் பிண்டம் போட்ட இடத்தில், அவருடைய ஆத்மாவை முன்வைத்து விட்ட காய். இரண்டாவதாக, தம்பதியாகச் சங்கல்பம் செய்தால் அது தம்பதிக்குத்தான். மூன்றாவதாக, இத்தனை வருஷம் கட்டுப்பாடாக இருந்தவள், ஊர் மாறிய ஐந்தாம் நாளே வீட்டுக்காரி சொன்னாள் என்று மாறுவது எனக்கு நல்லதாகப் படவில்லை. இன்னும் என்னென்ன மாறுமோ.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, அப்பாவை நினைத்து விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள். இனி அந்தக் காய் உன் வாசலுக்குள் வர வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகுதிகாண் காலத்துக்குள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடலாம் என்று நம் தெருவில் இருக்கிற வங்கிக்காரர் ஒருவர் சொன்னார். யோசித்துப் பார். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தின்போது அந்த ஊரில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். நீ இல்லாமல் இங்கே வீடு வீடாக இல்லை.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

---

காக்ஸ் டவுன்
2.7.1995

அன்புள்ள உங்களுக்கு,

முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி அடுக்கி எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எங்கே தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்து நாலு, மாசி மாதம். கயாவில் மாமாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடித்து, அட்சயவடம் என்கிற ஆலமரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தோம். சடங்கு செய்துவைத்த அந்தப் பண்டா அரைகுறைத் தமிழில், "ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. பிரியமானதை விடணும். ஐயா சொல்லுங்க, அம்மா சொல்லுங்க" என்றார். ஐயா, அம்மா என்று தனித்தனியாகத்தான் கேட்டார். நான் பீர்க்கங்காய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பீர்க்கங்காய்மேல் எனக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நானும் மகாத்மா இல்லை. ஆனால் என் வாயில் வார்த்தை வருவதற்குள் நீங்கள், "எங்கள் இருவர் சார்பிலும் வெண்டைக்காய், அத்திப்பழம், அரச இலை" என்று கடகடவென்று சொல்லிவிட்டீர்கள்.

அத்திப்பழத்தை நம் வீட்டில் யார் தின்றார்கள்? அரச இலையில் யாருக்குச் சோறு போட்டோம்? வெண்டைக்காயைக் கண்டால் உங்களுக்குக் கல்யாணமான நாள் முதல் ஆகாது. வழவழ கொழகொழ என்று சொல்லித் தட்டை நகர்த்துவீர்கள். பிரியமானதை விடுங்கள் என்றால் பிடிக்காததை விட்டுவிட்டு வந்தீர்கள். அந்த மரத்தடியில் நிஜமாக ஒன்றை விட்டவள் நான் ஒருத்திதான், அதுவும் என்னைக் கேட்காமல். மாமா நல்ல மனுஷர். நான் செய்யும் வெண்டைக்காய் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவருடைய ஆத்மா என் தட்டை எட்டிப் பார்த்துக் கோபித்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை.

அதனால் தலைக்குக் குளித்தேன், விளக்கேற்றினேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பிறகு காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போனேன். முனிராஜ் என்று ஒரு காய்க்காரர். நுனியை ஒடித்துப் பார்த்தேன். "அக்கா, ஒடிச்சா எடுத்துக்கணும், அப்புறம் வேணாம்னு வெச்சிட்டுப் போகக் கூடாது" என்றார். "ஒடிக்கிறதே எடுத்துக்கத்தான்" என்றேன். அரைக் கிலோ வாங்கினேன்.

வழவழ என்று ஆவது காயின் குற்றமில்லை, சமைக்கிறவர் குற்றம். முதலில் கழுவ வேண்டும், துணியால் ஒற்றி ஈரம் போகக் காயவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்தி. நறுக்கிவிட்டுக் கழுவினால் கோந்துதான். வாணலியை மூடக் கூடாது, கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. உப்பு கடைசியில். ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் இருக்கிற கொழகொழப்பும் ஓடிவிடும். திங்கட்கிழமை வறுவல். புதன்கிழமை மோர்க்குழம்பு, காயைத் தனியாக எண்ணெயில் வதக்கிக் கடைசியில் போட்டேன். வெள்ளிக்கிழமை சின்ன வெங்காயத்தோடு புளிக்குழம்பு. நேற்று எங்கள் கிளையில் வேலை செய்யும் வீணா ஒன்று சொல்லிக் கொடுத்தாள். காயை நீளவாக்கில் கீறி, கடலை மாவும் தனியாத் தூளும் மிளகாய்த் தூளும் கலந்து உள்ளே அடைத்துச் சுட்டெடுப்பது. இந்த வாரம் முழுக்க வெண்டைக்காய்தான். அடுத்த வாரமும் அப்படித்தான்.

எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னீர்கள். வர மாட்டேன். நாற்பத்து மூன்று வயதில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வாங்கிய பதவி இது. தொண்ணூற்றொன்றைப் பற்றிச் சந்திரம்மாவிடம் கேட்டேன். அந்த வாரம் தெருவில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களை உள் அறையில் வைத்துச் சோறு போட்டாராம். இதற்குமேல் எனக்குப் பயமில்லை.

உங்கள்,
மரகதம்

---

வேலூர்
14.7.1995

சௌ. மரகதத்துக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி மாடிப்படியில் கால் பிசகி விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ அங்கே அரைக் கிலோ வாங்கிய வாரம்தான் இங்கே நான் விழுந்தேன். இதைத் தற்செயல் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

எனக்கு அந்தக் காய் ஏன் ஆகாது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. செய்யாறு ஹாஸ்டலில் படித்தபோது வாரத்தில் நாலு நாள் வெண்டைக்காய் சாம்பார். தண்ணீரில் நூல் நூலாக ஓடும். ஒருநாள் மீதி வைத்தேன் என்று வார்டன் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் குடிக்க வைத்தார். அங்கேயே வாந்தி எடுத்தேன். அதையும் என்னையே கழுவச் சொன்னார். அதிலிருந்து அந்த வாசனையே எனக்கு ஆகாது. வயிற்றிலிருந்து வருகிற விஷயம் இது, வீம்பு இல்லை.

நான் உன்னைக் கஷ்டப்படுத்த நினைக்கிறவன் இல்லை. உன் நன்மைக்காக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சீக்கிரம் உனக்கே தெரியவரும். ஆவணிக்குள் வீட்டில் விளக்கு எரியும்.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

---

காக்ஸ் டவுன்
2.8.1995

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஏற்பாடு தெரியவந்தது.

இன்று காலை பத்தரை மணிக்கு மேனேஜர் ஸ்ரீகண்டன் தம் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சங்கடத்தில் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "மேடம், உங்க வீட்டுக்காரரு மண்டல ஆபீசுக்கு லெட்டர் போட்டிருக்காரு. உங்களுக்கு ப்ரமோஷன் வேணாமாம், திரும்ப வேலூருக்கே கிளார்க்கா போறீங்களாம். நிஜமா?" என்று கேட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

உங்கள் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. "என் மனைவியின் உடல்நிலையையும் குடும்பச் சூழ்நிலையையும் முன்னிட்டு, எங்கள் இருவர் சார்பிலும் கேட்டுக்கொள்வது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் இருவர் சார்பிலும். கயாவில் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். பெரியவர்கள் காரியம், பண்டா முன்னால் புருஷனை மறுத்துப் பேசக் கூடாது என்று மூடிக்கொண்டேன். ஒரு காய்தானே என்று நினைத்தேன். ஒரு காயோடு நிற்காது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குடும்பச் சூழ்நிலை என்றால் உங்கள் மெஸ் சாப்பாடு.

அங்கேயே நின்றுகொண்டு ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். 'இந்தக் கடிதம் என்னைக் கேட்காமல் எழுதப்பட்டது. நான் பதவியில் தொடர்கிறேன். மரகதம்.' மூன்று வரிதான். ஸ்ரீகண்டன், "விடுங்க மேடம், ரெண்டையும் கிழிச்சுப் போட்டுடறேன். வீட்டு விஷயம் ஃபைல்ல எதுக்கு?" என்றார். "வேண்டாம் சார், ரெண்டையும் ஃபைல்லயே வைங்க" என்றேன். வெளியே வந்தபோது கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் ரொம்ப மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் என் மேசைக்குப் போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

உங்கள் கால் பிசகியதற்கு வருத்தப்படுகிறேன். ஹாஸ்டல் கதையைப் படித்து அழுதேன். பிடிக்காததை வாயில் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று அந்த வயதிலேயே தெரிந்த மனுஷன், இன்னொருத்தி வாயிலிருந்து பிடித்ததைப் பிடுங்கலாமா என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா?

விநாயகர் சதுர்த்திக்கு வர மாட்டேன். தீபாவளிக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். இனி என் பெயரில் நீங்கள் எதையும் விடவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். கடிதம் எழுதினாலும் பதில் வராது.

மரகதம்

---

வேலூர்
21.8.1995

மரகதத்துக்கு,

நீ இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. ஒரு கணவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எதற்குக் கல்யாணம் என்று எனக்குப் புரியவில்லை. நான் யாருக்காகச் செய்தேன்? ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? பிடிவாதம் நல்லதில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை ஒரு காயை வைத்தா முறிப்பாய்?

கால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பதில் எழுது.

பாலசுப்ரமணியன்

---

வேலூர்
24.9.1995

அன்புள்ள மரகதம்,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாய். இதற்கும் வராமல் போகலாம். இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் அப்பாவின் திதி. சமையலுக்கு ஆள் வைத்துச் செய்தேன். எல்லாம் முடிந்து புரோகிதர் கோதண்டராமன் தாம்பூலம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் சம்சாரம் கயாவில் விட்ட காயைச் சாப்பிடுகிறாள், அப்பாவுக்கு இதனால் ஏதாவது தோஷம் உண்டா?" என்று கேட்டேன். எனக்குச் சாதகமாகச் சொல்வார், அதை உனக்கு எழுதலாம் என்றுதான் கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

அவர், "அம்மா தன் வாயால சொல்லி விட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

நான், "இல்லை, அவள் வேறெதையோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் நான்" என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓ, நீங்க பார்த்திருக்கீங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம் மரகதம். நான் பார்த்தேன். நீ வாயைத் திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் முந்திக்கொண்டேன். நீ பீர்க்கங்காய் என்று சொல்லப்போவது எனக்குத் தெரியும். முதல் நாள் ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் நீ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நீ அதைச் சொல்லிவிட்டால் வெண்டைக்காய் வாழ்நாள் முழுக்க என் வீட்டில் வெந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். சமைக்காதே என்று உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அப்பா பெயரைச் சொன்னால் நீ பேச மாட்டாய் என்று தெரியும். அப்பாவுக்காக விட்டேன் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது.

கயாவில் செய்தது தப்பு. மண்டல அலுவலகத்துக்கு எழுதியதும் தப்பு. அவர்களுக்கு நேற்று மறுபடியும் எழுதினேன். முன்பு எழுதியது என் மனைவி அறியாமல் எழுதியது, அதற்கு நானே பொறுப்பு என்று எழுதினேன். என் சார்பில் மட்டும் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். நகல் இதோடு இருக்கிறது. வேண்டுமானால் அதையும் ஃபைலில் வைக்கச் சொல்.

திரும்பி வா என்று கேட்கவில்லை. கேட்க ஆசையிருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறினால் கண்டோன்மென்ட்டில் இறங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அக்டோபர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு கார்டு போடு.

பாலு

---

காக்ஸ் டவுன்
1.10.1995

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது. நான் வாயைத் திறந்ததை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்துத்தான் பதினொரு வருஷம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளை அவசரம், கூட்டம், வெயில் என்று உங்களுக்காக நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் முந்தினீர்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். முன்பு இருந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நகலை ஸ்ரீகண்டனிடம் கொடுத்துவிட்டேன். ஃபைலில் சேர்த்துவிட்டார்.

எட்டாம் தேதி வேண்டாம். வீணா வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், போவதாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்காக அதை மாற்ற மாட்டேன். பதினைந்தாம் தேதி வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். ஆட்டோக்காரரிடம் காக்ஸ் டவுன் மார்க்கெட் என்று சொன்னால் கொண்டுவந்து விடுவார். பெட்டி பெரிதாக வேண்டாம், சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

வேலூருக்கு நான் திரும்பி வருவதாக இல்லை. அதை நேரில் பேசி மாற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மதியம் வெண்டைக்காய் மோர்க்குழம்பு, வெண்டைக்காய் வறுவல், ரசம், அப்பளம். உங்களுக்கென்று தனியாக வேறு காய் செய்ய மாட்டேன். குழம்பையும் வறுவலையும் நீங்கள் தொடக் கூடாது. சமாதானத்துக்காக ஒரு வாய் சாப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், எனக்கு அது வேண்டாம். நீங்கள் உங்கள் வாயால் சொல்லி விட்டது. கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடாமல் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருங்கள். மூக்கைச் சுளிக்காமல், ஜன்னல் பக்கம் திரும்பாமல், நான் குழம்பு, வறுவல் எல்லாம் போட்டுச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

மரகதம்